புது மீன் வந்தால் பழைய மீன் சும்மா இருக்குமா?

கேள்வி: பெரிய மீன் காட்சியகத்தில் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தால் ஏற்கெனவே இருப்பவை சண்டை போடாதா? நாம் போனால் உடனே பார்க்கலாமா?

பதில்: போடும். இடத்துக்கு உரிமை கொண்டாடும் டாம்செல் மாதிரி மீன்கள் தங்களைவிடப் பெரியதையே விரட்டும், அதனால்தான் பாறைகளை இடம் மாற்றி எல்லையைக் குழப்பி, பழையவற்றுக்கு வயிறார இரை போட்டு, விளக்கைத் தணித்துவிட்டுப் புதியதை விடுவது வழக்கம். அதற்கு முன் பெரும்பாலும் 30 நாள் அளவில் தனித்தொட்டி வாசம் உண்டு. ஒட்டுண்ணி நுழைந்துவிட்டால் தொட்டி மொத்தமும் ஆபத்து. நீர்நாய் என்றால் வலைக்கு இருபுறமும் வைத்து முகம் பழகவிட்டு அப்புறம்தான் சேர்ப்பார்கள். சரி, நமக்கு? அறிவிப்பைப் பார்த்துக் கூட்டம் கூடும், விருந்தாளியோ பாறை இடுக்கில் ஒளிந்திருக்கும். கண்ணாடியைத் தட்டினால் இன்னும் உள்ளே போகும். சில வாரம் கழித்துப் போங்கள்.