பதில்: முதல் வருடப் பாறைப் பாடம் வீண்தானா?

பென்னாகரம் பக்கத்துத் தண்ணீர்ப் பிரச்சனைக்காக ஜியாலஜி எடுத்தால், முதல் செமஸ்டர் முழுக்கப் பூமியின் பழைய காலங்களையே மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள், மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறாதீர்கள் தம்பி.

நம் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு பெரும்பாலும் பாறையிலிருந்துதான் வருகிறது. பூமிக்கடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய, சுமார் 250 கோடி வருடப் பழைய நைஸ், சார்னகைட் என்ற பாறைகளில் பயோடைட், அபடைட் போன்ற கனிமங்கள் உண்டு. பாறை இடுக்கில் வெகுநாள் தேங்கும் தண்ணீர் அவற்றிலிருந்து ஃப்ளோரைடை இழுத்துக்கொள்கிறது. அந்தத் தண்ணீரில் கால்சியம் குறைவாக இருந்தால் ஃப்ளோரைடு படியாமல் தண்ணீரிலேயே நிற்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது. பல்லில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். ஆக, பாறையின் கதை தெரியாமல் தண்ணீரின் கதை புரியாது.

வெறும் காலப் பெயர்களை உருப்போடுவது எனக்கும் எரிச்சல்தான். பரீட்சைக்கு மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் குவாரிக்கு வெளியே கிடக்கும் துண்டுக்கல் ஒன்றை எடுத்து, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். கறுப்பாக மினுங்கி, கத்தி முனை பட்டால் ஏடு ஏடாகப் பெயர்வது பயோடைட். கடையில் 'கிரானைட்' என்று விற்கும் கல்லிலும் வரிவரியாக நெளிவு தெரிந்தால், அது பெரும்பாலும் நைஸ்தான்!