பிரசவத்துக்குப் பின் விலகிய வயிற்றுத் தசை: வாசகியர் கேள்வி – பதில்

சுகப்பிரசவமாகி மூன்று மாதம் ஆகிறது. எடை ஏறக்குறைய பழையபடி வந்துவிட்டது. ஆனால் சாயங்காலம் ஆனால் வயிறு ஐந்து மாத கர்ப்பம் மாதிரி தள்ளிக்கொண்டு நிற்கிறது. படுக்கையிலிருந்து எழும்பும்போது தொப்புளுக்கு மேலே நீளமாக ஒரு மேடு வருகிறது. இது கொழுப்புதானா?
– வாசகி, குலசேகரம்

எழும்பும்போது மட்டும் மேடு வருகிறது என்றால் அது கொழுப்பு அல்ல, பெரும்பாலும் தசை விலகல்தான். நெஞ்செலும்பிலிருந்து இடுப்பின் முன்னெலும்பு வரை வயிற்றின் முன்பக்கம் இரண்டு நீளத் தசைகள் இறங்குகின்றன. அவற்றை நடுவில் சேர்த்துப் பிடிப்பது லீனியா ஆல்பா என்ற வெள்ளை நார்ப்பட்டை. குழந்தை வளர வளர அது இழுபட்டு அகன்று மெலிகிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அநேகமாக எல்லோருக்கும் இது நடக்கும். பிரசவமான முதல் எட்டு வாரங்களில் பெருமளவு தானாகவே சுருங்கிவிடும். அதன்பின் அந்த வேகம் குறைந்துவிடுவதால், மிச்சத்துக்கு உழைப்பு வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கலாம். சிறுநீர் கழித்துவிட்டு மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். இரண்டு விரலைக் குறுக்காகத் தொப்புள் மேல் வைத்து, மூச்சை விட்டபடி தலையையும் தோளையும் கொஞ்சமாக மட்டும் தூக்குங்கள். இருபக்கமும் தசையின் விளிம்பு விரலில் தட்டும். தொப்புளுக்கு மூன்று விரல் மேலேயும் மூன்று விரல் கீழேயும் இதேபோல் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் அகலம் இருந்தால் விலகல் என்று பொதுவாகக் கணக்கிடுகிறோம். விரலின் பருமன் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் ஒவ்வொரு முறையும் அதே ஆள், அதே விரலால் அளக்க வேண்டும்.

அகலத்தை மட்டும் எண்ணிக்கொண்டு கவலைப்படாதீர்கள். அதைவிட முக்கியம், தலை தூக்கும்போது விரலுக்கு அடியில் பட்டை விறைக்கிறதா என்பது. இரண்டரை விரல் அகலம் இருந்தும் நடுக்கோடு விறைப்பாகத் தாங்கினால் அந்த வயிறு வேலைக்கு உதவும். ஒன்றரை விரல்தான் இருக்கிறது, ஆனால் விரல் மெத்தென்று உள்ளே இறங்குகிறது என்றால் அங்கேதான் பயிற்சி தேவை.

சிட்-அப் செய்தால் வயிறு ஒட்டிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, பாறசாலை

அதில் தொடங்காதீர்கள். ஆழத்துத் தசை வேலை செய்யாத நிலையில் எழும்பி உட்கார்ந்தால் உள்ளழுத்தம் முழுவதும் மெலிந்த நடுக்கோட்டில் முட்டும். வாழ்நாள் முழுக்கத் தடை என்று முன்பு சொல்லிவந்தார்கள். இப்போது அவ்வளவு கண்டிப்பு இல்லை. நடுவில் மேடு கட்டாமல் தலை தூக்க முடிகிற நாள் வந்தபின் செய்யலாம்.

முதலில் மூச்சு. முழங்கால் மடக்கிப் படுத்து, ஒரு கையை விலா மேலும் ஒரு கையை அடிவயிற்றிலும் வையுங்கள். மூக்கால் இழுக்கும்போது விலா பக்கவாட்டில் விரிய வேண்டும். வாயால் மெதுவாக ஊதிவிடும்போது, சிறுநீரையும் வாயுவையும் சேர்த்து அடக்குவது போல இடுப்படித் தசையை மேலே இழுங்கள். கூடவே தொப்புளுக்குக் கீழ்ப்பகுதி தானாக உள்ளே போகும். சாதாரணமாக மூச்சு விட்டபடியே 5 விநாடி பிடித்து, முழுசாகத் தளர்த்துங்கள். ஒரு தடவைக்கு 10, நாளுக்கு மூன்று தடவை. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: மூச்சை அடக்கி, வயிற்றை எக்கி, விலாவைத் தூக்குகிறார்கள். அப்படி எக்கினால் மேல்வயிறுதான் ஒடுங்குகிறது, அழுத்தம் கீழே இறங்குகிறது. அடிவயிற்றில் வைத்த கை வெளியே தள்ளப்பட்டால் நீங்கள் இழுக்கவில்லை, முக்குகிறீர்கள் என்று அர்த்தம்.

இது பிடிபட்டதும், மூச்சை விட்டபடி ஒரு குதிகாலைத் தரையோடு சறுக்கி நீட்டி மடக்குவது, மடக்கிய ஒரு காலை மட்டும் பக்கவாட்டில் மெதுவாகச் சாய்த்து மீட்பது, இடுப்பைத் தூக்கி இறக்குவது. ஒவ்வொன்றும் பக்கத்துக்கு 8 முதல் 10, இரண்டு சுற்று, வாரத்தில் ஐந்து நாள். இரண்டு வாரம் மேடு கட்டாமல் செய்ய முடிந்தால் அடுத்த கட்டம்: மடக்கிய கால்களை உயர்த்தி மாற்றி மாற்றிக் கால்விரலால் தரையைத் தொடுவது, முட்டிபோட்டு ஊன்றி எதிரெதிர் கை கால் நீட்டுவது, பக்கவாட்டு பிளாங்க் (ஒருக்களித்துப் படுத்து, முழங்கையையும் முழங்காலையும் ஊன்றி இடுப்பைத் தூக்கிப் பிடிப்பது), சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. நடுக்கோடு கூரை மாதிரி கூம்பினால் அன்றைக்கு ஒரு படி இறங்கிவிடுங்கள். வித்தியாசம் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும்.

வேதுக்குளி (பிரசவித்தவர்களுக்கான மூலிகை வெந்நீர்க் குளியல்) முடிந்ததும் அம்மா வேட்டித் துணியால் வயிற்றை இறுக்கிக் கட்டுகிறார். தண்ணீரும் அதிகம் குடிக்க விடுவதில்லை, வயிறு பெருக்குமாம். இது சரியா?
– வாசகி, களியக்காவிளை

துணிக் கட்டு முதல் சில வாரங்களுக்கு இதமான தாங்கல்தான். எழும்பி நடக்கத் தைரியம் தரும். ஆனால் கட்டு மட்டும் விலகலை மூடாது. கட்டுவதானால் இடுப்பெலும்பில் தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுங்கள். இரண்டு விரல் உள்ளே போக வேண்டும், மூச்சு தாராளமாக வர வேண்டும். மேல்வயிற்றில் இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கீழே இறங்கி, ஏற்கெனவே தளர்ந்த இடுப்படித் தசையில் உட்காரும். தும்மினால் சிறுநீர் கசிவது, பிறப்புறுப்பில் ஏதோ இறங்குவது போன்ற பாரம் எல்லாம் அதனால் கூடலாம். படுக்கும்போதும் பயிற்சியின்போதும் அவிழ்த்துவிடுங்கள். எண்ணெய் தேய்க்க வருபவரிடம் கை, கால், முதுகு போதும், வயிற்றை அமுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தண்ணீரைக் குறைக்கவே கூடாது. லேகியம், நெய், குறைந்த தண்ணீர் என்று போனால் மலம் இறுகும். முக்கி முக்கிப் போகும் ஒவ்வொரு தடவையும் நடுக்கோடு இழுபடும். பால் கொடுக்கும் தாய்க்குத் தாகமும் அதிகம். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் குடித்தால் அம்மாவின் மனமும் நோகாது. யூரோப்பியன் கழிப்பறை என்றால் காலடியில் ஒரு சின்ன ஸ்டூல் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு சிசேரியன். தசையை வெட்டிவிட்டார்களே, பயிற்சி பலன் தருமா?
– வாசகி, செங்கோட்டை

சிசேரியனில் வழக்கமாக அந்த நீளத் தசைகளை வெட்டுவதில்லை. நடுவில் விலக்கித்தான் உள்ளே போகிறார்கள். வெட்டித் தைப்பது தோல், தசையை மூடிய உறை, கருப்பை. அதனால் பலன் உண்டு. சிறுநீர்க் குழாய் எடுத்த பிறகு மூச்சுப் பயிற்சியை மென்மையாகத் தொடங்கலாம். மற்றவற்றை ஆறு வாரப் பரிசோதனைக்குப் பின் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். இருமும்போது தையல் மேல் ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள்.

அண்டி ஆபீஸ் (முந்திரிக்கொட்டை ஆலை) வேலைக்குத் திரும்பப் போகிறேன். நாள் முழுக்கக் குனிந்து உட்கார வேண்டும், கூடையும் தூக்க வேண்டும்.
– வாசகி, மார்த்தாண்டம்

கூன் போட்டு உட்கார்ந்தால் வயிறு தளர்ந்து முன்னே விழும், முதுகு வலிக்கும். உட்காரும் பலகையை ஒரு சாண் உயர்த்த முடிகிறதா பாருங்கள். அரை மணிக்கு ஒரு தடவை எழும்பி நின்று ஐந்து மூச்சு விடுங்கள். கூடையை உடம்போடு ஒட்டி வைத்து, தூக்குவதற்கு ஒரு நொடி முன்பே மூச்சை விடத் தொடங்கி, இடுப்படியை இழுத்தபடி தூக்குங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குவதுதான் கெடுதல். முதல் ஒரு மாதம் அரைக்கூடை போதும். மேஸ்திரியிடம் கேட்கத் தயங்க வேண்டாம். வீட்டில் குடத்தையும் குழந்தையையும் ஒரே இடுப்பில் வைக்காமல் மாற்றி வையுங்கள். படுக்கையிலிருந்து எப்போதும் பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி எழும்புங்கள்.

தொப்புளில் சின்ன உருண்டை தெரிகிறது. ஆபரேஷன் வேண்டுமா?
– வாசகி, புளியரை

அது தொப்புள் குடலிறக்கமாக (ஹெர்னியா) இருக்கலாம்; பயிற்சியைக் கூட்டும் முன் அறுவை மருத்துவர் பார்க்கட்டும். உருண்டை கல்லாக இறுகி, வலித்து, உள்ளே போகாமல் நின்று, வாந்தியும் வந்தால் அன்றைக்கே, அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். குடலிறக்கம் இல்லாத வெறும் விலகலுக்கு அறுவை சிகிச்சையை அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம். குறைந்தது ஆறு மாதமாவது ஒழுங்காகப் பயிற்சி செய்தும் முதுகுவலியும் பலவீனமும் தீராதவர்கள், இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்த பிறகு, அதைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம்.