வாசகர் கேள்வி – பதில்: போருக்குப் போய்த் திரும்பாதவர்கள்

கேள்வி: என் கொள்ளுத் தாத்தாவின் தம்பி முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் இறந்தார். என் தாத்தாவின் அண்ணன் இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இறந்தார். வீட்டில் மிச்சம் இருப்பது வட்டமான வெண்கலத் தகடு ஒன்றுதான். அதில் ஒரு பெண்ணும் சிங்கமும், ஆங்கிலத்தில் மூத்தவர் பெயரும் இருக்கின்றன. இறந்த நாள் தெரியாததால் மகாளய அமாவாசையில் இருவருக்கும் சேர்த்துப் படையல் போடுகிறோம். எங்கே, எந்தத் தேதியில் இறந்தார்கள் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?
– ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: உண்டு அம்மா. முதலில் அந்தத் தகட்டைப் பண்டிகைக்குப் பண்டிகை குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், எழுத்து மழுங்கிவிடும். முதல் உலகப் போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு பிரிட்டிஷ் அரசு கொடுத்த நினைவுத் தகடு அது. சுமார் 12 சென்டிமீட்டர் அகலம், சூலம் பிடித்து நிற்கும் பெண் பிரிட்டனின் உருவகமான பிரிட்டானியா, பக்கத்தில் சிங்கம், ஒரு சின்னக் கட்டத்துக்குள் புடைத்த எழுத்தில் பெயர். இப்படி 13 லட்சத்துக்கும் மேல் வார்த்தார்கள். பெயருக்கு முன்னால் பதவி இருக்காது, சிப்பாயாக இருந்தாலும் சரி, கர்னலாக இருந்தாலும் சரி, வெறும் பெயர்தான். தியாகத்தில் மேல் கீழ் இல்லை என்று வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள்.

வீட்டில் பழைய மெடல் ஏதாவது இருந்தால் அதன் விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். முதல் போர் மெடல்களில் சர்வீஸ் நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் விளிம்பில் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். அந்த நம்பர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்துக்குப் போங்கள். 1917-இல் தொடங்கிய அமைப்பு, இரண்டு போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் பதிவு அவர்களிடம் இருக்கிறது, தேடக் காசு கிடையாது. நம் ஆட்கள் பலர் இங்கேதான் தடுக்கி விழுந்து, பெயர் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். காரணம் எழுத்துக்கூட்டல். முனுசாமி என்ற பெயரை அன்றைய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். மு-வுக்கு ஒரு யூ போட்டிருக்கலாம், இரண்டு ஓ போட்டிருக்கலாம், சாமியின் கடைசியில் ஐ, ஒய், இரண்டு ஈ எது வேண்டுமானாலும் வந்திருக்கலாம். எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் அவருடைய சொந்தப் பெயரையே போடுங்கள். ஊர் என்று வேலூரைத் தேடாதீர்கள், அன்றைக்கு அது வட ஆற்காடு மாவட்டம். இரண்டாம் போர்ப் பதிவுகள் பலவற்றில், இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர், வட ஆற்காடு என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் உங்கள் பாட்டிகளில் ஒருவரின் பெயரைப் பார்த்தால் ஆள் அவர்தான் என்று உறுதி செய்துகொள்ளலாம்.

புதைத்த இடம் என்று தேட வேண்டாம். இந்து வீரர்களை முடிந்தவரை தகனம்தான் செய்தார்கள். பர்மாவில் இறந்தவர் பெயர் யாங்கோனுக்கு வடக்கே தௌக்கியான் என்ற இடத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். அங்குள்ள ரங்கூன் நினைவிடத் தூண்களில் கிட்டத்தட்ட 27,000 பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன, தகனம் செய்யப்பட்டவர்களுக்குத் தனி நினைவுச் சின்னமும் உண்டு.

மெசபடோமியா விஷயம் மனதைச் சங்கடப்படுத்தும். ஈராக்கில் பாஸ்ரா நினைவிடம் 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கானது. அங்கே பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் வெட்டினார்கள். இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர், சாதாரண சிப்பாய்களுக்கு இந்தப் படைப்பிரிவில் இத்தனை பேர் என்று எண்ணிக்கைதான். தகட்டில் எல்லாரும் சமம் என்றவர்கள் கல்லில் ஏன் இப்படிச் செய்தார்கள் என்று கேட்கத்தான் வேண்டும். 2021-இல் ஆணையமே ஒரு அறிக்கை வெளியிட்டு, ஆப்பிரிக்க, ஆசிய வீரர்களில் குறைந்தது 1,16,000 பேர் பெயரோடு நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நம் ஊர்ப்பக்கம் சில கிராமங்களில் இருக்கும் பளிங்குக் கல்வெட்டும் அப்படித்தானே, 1914–1919 போருக்கு இங்கிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று எண் மட்டும். ஆனாலும் பாஸ்ராவில் கல்லில் விட்டுப்போன பெயர்கள் பதிவேட்டில் இருக்கின்றன, அதனால் தேடாமல் இருந்துவிடாதீர்கள். தேதி கிடைத்ததும் திதி பார்த்து இருவருக்கும் தனித்தனியாகவே செய்யலாம்.

கேள்வி: ஒரே வீட்டில் பல பிள்ளைகள் போரில் இறந்தால் மிச்சம் இருப்பவரைத் திருப்பி அனுப்பும் வழக்கம் உண்டா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: முதல் போரில் அப்படி விதி எதுவும் இல்லை, யாராவது இரக்கப்பட்டால்தான் உண்டு. இங்கிலாந்தில் பார்னார்டு காஸில் என்ற ஊரில் மார்கரெட் ஸ்மித் என்ற தாய்க்கு ஆறு மகன்கள் போருக்குப் போய் ஐந்து பேர் இறந்தார்கள். ஊர்ப் பாதிரியாரின் மனைவி ராணி மேரிக்குக் கடிதம் எழுதிய பிறகுதான் கடைசி மகன் வில்ஃபிரடை வீட்டுக்கு அனுப்பினார்கள். கிரேட் ரிஸிங்டன் என்ற சின்னக் கிராமத்தில் ஆனி சோல்ஸ் என்ற தாய்க்கும் ஐந்து பிள்ளைகள் போரில் இறந்தார்கள், மூன்று பேர் 1916-இல், இரட்டையரான ஆல்ஃபிரடும் ஆர்தரும் 1918 ஏப்ரலில் ஐந்து நாள் இடைவெளியில். அந்த ஐந்து பேரில் ஃபிரெட் என்பவரின் உடல் கிடைக்கவே இல்லை. அவன் வருவான் என்று அந்த அம்மா ஜன்னலில் மெழுகுவத்தி ஏற்றி வைத்தாராம், தேச கீதம் பாடும்போது எழுந்து நிற்க மறுத்துவிட்டாராம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவில் சல்லிவன் சகோதரர்கள் ஐந்து பேரும் ஒரே கப்பலில்தான் இருப்போம் என்று கேட்டு வாங்கிச் சேர்ந்தார்கள். ஜூனோ என்ற அந்தக் கப்பல் 1942 நவம்பர் 13 அன்று மூழ்கியது, ஐந்து பேரும் போய்விட்டார்கள். குடும்பத்தில் எஞ்சிய ஒரே மகனைக் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விலக்கும் சட்டம் அங்கே 1948-இல் வந்தது.

கேள்வி: என் பாட்டியின் அண்ணன்கள் இருவரையும் ஜப்பானியர்கள் எஸ்டேட்டிலிருந்து சயாம் ரயில் போடக் கொண்டுபோனார்கள். இருவரும் திரும்பவில்லை. அவர்கள் பெயர் எங்காவது இருக்குமா?
– ஒரு வாசகர், பேராக், மலேசியா

பதில்: ஆணையத்தின் பட்டியலில் தேடிப் பயனில்லை, அது படைவீரர்களுக்கானது. அன்றைய சயாமான தாய்லாந்தில் காஞ்சனபுரியில் இருக்கும் பெரிய போர்க் கல்லறையில் 6,982 பேர் இருக்கிறார்கள், ஏறக்குறைய எல்லாரும் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகள். அந்த 415 கிலோமீட்டர் பாதையில் செத்த ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 பேர் என்று கணக்கிடுகிறார்கள், போர்க் கைதிகளில் இறந்த 12,000 சொச்சம் பேரைவிடப் பல மடங்கு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் நம் தோட்டத் தமிழர்கள். 1943 காலராவில் கூட்டம் கூட்டமாகச் செத்தவர்களைப் பெயர் கேட்டு எழுத அங்கே ஆள் இல்லை.

அதனால் இந்த வேலை உங்கள் குடும்பத்தோடுதான் இருக்கிறது. பாட்டியோ, அவர் வயதுக்காரர்களோ இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள்: இருவரின் முழுப் பெயர், அப்பா பெயர், எந்த எஸ்டேட், எந்த லயம், கூடப் போனவர்கள் யார், போர் முடிந்து திரும்பிய யார் வந்து செய்தி சொன்னார். போனில் பதிவு செய்துகொண்டு, அப்புறம் நோட்டில் எழுதி, ஒரு நகலை உறவுக்காரர் ஒவ்வொருவருக்கும் கொடுங்கள்.