பதின்வயதுப் பிள்ளைகளின் நேர்மை வீட்டில் உருவாகிறதா, பள்ளியிலா?

இரண்டிலும்தான், ஆனால் ஒவ்வொன்றின் வேலையும் வேறு. வீட்டில் எப்படிக் கண்டிக்கிறோம் என்பது முக்கியம். உளவியலாளர் மார்ட்டின் ஹாஃப்மன் இதை மூன்றாகப் பிரித்தார்: அதிகாரம் காட்டுவது, பேசாமல் முகம் திருப்பிக்கொள்வது, செய்த காரியம் யாரை எப்படிப் பாதித்தது என்று எடுத்துச் சொல்வது. மனதில் தங்குவது மூன்றாவதுதான் என்பது அவர் கருத்து. "ஒரு வாரத்துக்கு ஃபோன் கிடையாது" என்றால் அடுத்த முறை மாட்டிக்கொள்ளாமல் செய்யப் பார்ப்பான். "நீ போட்ட மீமைப் பார்த்து அந்தப் பொண்ணு ரெண்டு நாளா ஸ்கூலுக்கே வரலையாம்" என்றால் கொஞ்சமாவது உறுத்தும்.

பள்ளிக்கு நல்ல உதாரணம், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் 1974-இல் உளவியலாளர் லாரன்ஸ் கோல்பெர்க் துணையோடு தொடங்கிய க்ளஸ்டர் பள்ளி. அங்கே விதிகளை மாணவரும் ஆசிரியரும் வாரக் கூட்டத்தில் சமமாக ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். ஒருமுறை யாரோ ஒருவரின் பர்ஸிலிருந்து 9 டாலர் திருடுபோனது. ஆளுக்கு 15 சென்ட் போட்டு ஈடுகட்டுவது என்று கூட்டம் முடிவெடுத்தது. பறிகொடுத்தவரின் தலைவலி எல்லோருடையதும் ஆகிவிட்டது.

நம் பள்ளிகளில் நீதிபோதனை பீரியடைக் கணக்கு சார் வாங்கிக்கொள்வதுண்டு. பெரிய நஷ்டமில்லை என்பேன். காப்பி அடித்தவனை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துகிறாரா, தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறாரா என்பதைத்தான் பிள்ளைகள் கவனிக்கிறார்கள்.