ஊர் வரலாறு எழுதும் ஆய்வாளருக்கு வீட்டுப் பழைய படங்களைக் கொடுக்கலாமா?

தொண்டிப் பக்கத்து மீனவ ஊரில் வசிக்கும் நீங்கள், வரலாற்றாய்வாளர் ஒருவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் பழைய படங்களைக் கேட்பதாகவும், தொழில் செய்யும் இடத்தில் உங்களைப் படம் எடுக்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சம்மதியுங்கள். ஆனால் படத்தில் இருப்பவர் யார், எந்த இடம், எந்த ஆண்டு என்ற மூன்றையும் எழுதி வாங்காமல் ஒரு படத்தையும் ஊரைவிட்டு வெளியே விடாதீர்கள்.

எங்கள் ஊர் பாம்பன் பக்கம். என் அம்மா கடற்பாசி எடுத்தவர். நான் பள்ளியில் படித்த காலத்தில் ஓர் ஆய்வாளர் வந்து, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கும் பெண்களையும், கரையில் மரிக்கொழுந்து என்னும் கடற்பாசி வகையைக் காயப்போடும் பெண்களையும் நாள் முழுவதும் படம் எடுத்தார். எந்தத் தீவில் எந்தப் பாசி கிடைக்கும், எந்த மாதத்தில் கடல் தெளியும் என்று அம்மா அவருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பல ஆண்டுகள் கழித்து மதுரையில் ஒரு கண்காட்சியில் அம்மாவின் படத்தைப் பார்த்தேன். அதன் கீழே ‘பாசி சேகரிக்கும் மீனவப் பெண்’ என்று மட்டும் இருந்தது. எடுத்தவரின் பெயர் முழுமையாக அச்சாகியிருந்தது.

பெயருக்காக இவ்வளவு வருத்தமா என்று சிலர் கேட்பார்கள். பெயரோடு முடிகிற விஷயமல்ல இது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அதன் பிறகு, தலைமுறையாகப் போய்வந்த தீவுகளிலேயே எங்கள் பெண்கள் அத்துமீறியவர்களாக நடத்தப்பட்டார்கள். அவற்றில் ஒன்றான குருசடைத் தீவில் எங்கள் அம்மாக்களும் அப்பத்தாக்களும் தொழில் செய்தார்கள் என்று சொல்ல, தீவின் பெயரும் ஆண்டும் எழுதிய படம் சான்றாக நிற்கும். வெறும் ‘மீனவப் பெண்’ நிற்காது.

ஆய்வாளர்கள் எல்லாரையும் நான் குறை சொல்லவில்லை. பின்னர் வந்த இன்னொருவர், ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் பென்சிலால் பெயர், ஊர், மாதம், ஆண்டு, பாசியின் வகை வரை எழுதி, ஒரு பிரதியை அம்மாவிடமே கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் தெருவில் சான்று என்று காட்ட இன்று இருப்பவை அவர் எடுத்த படங்கள்தாம்.

கைப்பேசி வந்த பிறகு நாமே எடுத்துக்கொள்ளலாமே என்ற வாதத்தையும் கேட்டிருக்கிறேன். படம் எடுத்தால் மட்டும் பெயர் பதிவாகிவிடாது. தனுஷ்கோடியை எண்ணிப் பாருங்கள். இடிந்த தேவாலயத்தை வருகிறவர்கள் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். 1964 டிசம்பர் புயலுக்கு முன்பு அங்கே வலை இழுத்தவர்கள், இலங்கையின் தலைமன்னாருக்குப் போன கப்பலில் மூட்டை ஏற்றியவர்கள் யார் யார் என்று முகம் காட்டிப் பெயர் சொல்லும் படங்கள் மிக அரிது. வீடுகளில் இருந்தவற்றையும் கடல் கொண்டுபோய்விட்டது. அந்த முகங்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்களும் குறைந்துவருகிறார்கள். ஆகவே முறையாகக் கேட்டுப் பதிவு செய்யத் தெரிந்த ஒருவர் வரும்போது, ஐயாவையும் அப்பத்தாவையும் அவர் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

மூலப் படங்களைக் கையைவிட்டுக் கொடுக்க வேண்டாம். உங்கள் வீட்டிலேயே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். உப்புக்காற்றில் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரித்தால் முகமே பெயர்ந்துவிடும் என்பதால், அதைச் சட்டத்தோடு வைத்துத்தான் பிரதி எடுக்க வேண்டும். ஸ்கேன் செய்த கோப்புகளின் ஒரு தொகுப்பு, பெயர்ப்பட்டியலுடன் உங்கள் ஊர்ப் பள்ளியிலோ நூலகத்திலோ இருக்க வேண்டும் என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள். அதற்கு அவர் தயங்கினால் படங்கள் சுவரிலேயே இருக்கட்டும்.