ஒரே மெயில் இரண்டு ஃபைலாக இருந்தால் ஒன்றை அழித்துவிடலாமா?

கணினியில் இறக்கி வைத்த மெயில்களை நாட்மச் என்ற மென்பொருளை வைத்துத் தேடுகிறீர்கள், ஒரே மெயிலுக்கு இரண்டு மூன்று ஃபைல்கள் கிடக்கின்றன, கூடுதலாக இருப்பதை மொத்தமாக அழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். தேடலில் அவற்றை ஒன்றாகக் காட்டும் வேலையை நாட்மச்சே செய்துவிடுகிறது. அழித்தால் மிஞ்சுவது கொஞ்சம் இடம்தான், போவது என்னவென்று பார்க்காமல் சொல்ல முடியாது.

ஒவ்வொரு மெயிலின் தலைப்பகுதியிலும் மெசேஜ்-ஐடி என்று அதன் அடையாளமாக ஒரு வரி இருக்கும். அது ஒன்றாக இருந்தால் எத்தனை ஃபைல் இருந்தாலும் நாட்மச்சுக்கு அது ஒரே மெயில். உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று அது ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

நான் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு நண்டு கம்பெனியில் ஏற்றுமதிக் கடிதப் போக்குவரத்தைப் பார்க்கிறேன். தூத்துக்குடியிலிருந்து ஷிப்பிங் ஏஜெண்ட் ஒரு கன்டெய்னருக்கான பி.எல். (சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான ஆவணம்) நகலை எங்கள் அலுவலகக் குழு முகவரிக்கும், என் முகவரிக்கும், முதலாளிக்கும் சேர்த்தே அனுப்பியிருந்தார். கன்டெய்னர் எண்ணைப் போட்டுத் தேடினேன், மெயில் உடனே வந்தது. ஆனால் திறந்தால் பி.டி.எஃப். இல்லை. "தம்பி, பி.எல். என் போன்ல இருக்கே, உனக்கு வரலையா?" என்கிறார் முதலாளி. எனக்கும் வந்துதான் இருந்தது. திரையில் தெரிந்தது குழு வழியாக வந்த பிரதி: தலைப்பின் முன்னால் குழுவின் பெயர், அடியில் நாலு வரி அறிவிப்பு, அளவு பெரிது என்று இணைப்பு நீக்கப்பட்டிருந்தது. நேரடியாக வந்த பிரதி, இணைப்போடு, இரண்டாவது ஃபைலாகப் பின்னால் நின்றது. 'இரண்டாவதையெல்லாம் அழி' என்று ஒரு கட்டளை போட்டிருந்தால் பி.எல். போயிருக்கும்.

அதனால் முதலில் பாருங்கள். சர்ச் கட்டளையில் அவுட்புட் என்பதற்கு ஃபைல்ஸ் என்று கொடுத்தால் அந்த மெயிலின் எல்லா ஃபைல்களும் பாதையோடு வரும். அதோடு டூப்ளிகேட் என்பதற்கு 2 கொடுத்தால் இரண்டாவது ஃபைல் மட்டும் வரும். இந்த 2 வெறும் வரிசை எண், தரம் குறைந்த பிரதி என்று பொருள் இல்லை. புதிய பதிப்புகளில் ஷோ கட்டளையிலும் டூப்ளிகேட் கொடுத்து வேண்டிய பிரதியைத் திறக்கலாம். நாட்மச் போலவே மெயில் தேடும் மூ (mu) என்ற மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே கதைதான்: ஸ்கிப்-டப்ஸ் போட்டால் ஒன்றைக் காட்டும், மற்றவை ஃபைலாக அப்படியே இருக்கும்.

அழித்தே தீர வேண்டும் என்றால் முழு ஃபைலுக்கும் எம்.டி.5 (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறியீடு) எடுத்து ஒப்பிடுவதில் பெரும்பாலும் பயனில்லை. மெயில் எந்தெந்த சர்வர் வழியாக வந்தது என்று தலைப்பகுதியில் பதியும் ரிசீவ்ட் வரிகள் வந்த வழிக்கேற்ப மாறும், அதனால் உள்ளடக்கம் ஒன்றாக இருக்கும் பிரதிகள்கூட வேறாகத் தெரியலாம். தலைப்பகுதி முடிந்து வரும் வெற்று வரிக்குக் கீழே உள்ளதை மட்டும் ஒப்பிடுங்கள். அது ஒத்துப்போனால்தான் அழிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அப்போதும் சென்ட் ஃபோல்டரைத் தொடாதீர்கள். நீங்கள் குழுவுக்கு அனுப்பியது உங்களுக்கே திரும்பி வந்தால் மெசேஜ்-ஐடியும் உள்ளே இருப்பதும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் மற்றவர்களுக்குத் தெரியாமல் யாருக்கெல்லாம் நகல் (பி.சி.சி.) போட்டீர்கள் என்ற விவரம் இருந்தால் சென்ட் பிரதியில்தான் இருக்கும், திரும்பி வந்ததில் இருக்காது. வாங்குபவரோடு தகராறு வந்தால் அந்த ஒரு வரி ரொம்ப முக்கியம்.

இன்னொன்று, எம்பிசிங்க் (mbsync) போன்ற ஒரு மென்பொருளை வைத்து உங்கள் மெயில்களை சர்வரோடு ஒத்திசைக்கிறீர்கள் என்றால், அமைப்பைப் பொறுத்து இங்கே அழிப்பது அங்கேயும் அழியும். முதலில் ஒரு பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணக்கு ஜிமெயில் என்றால் பிரதிகள் பெருகுவதற்குக் காரணம் பெரும்பாலும் லேபிள்கள்தான். சர்வரிலிருந்து மெயிலை இறக்கும் முறையான ஐமேப்பில் ஒவ்வொரு லேபிளும் தனி ஃபோல்டராகத் தெரியும். இன்பாக்ஸில் ஒரு முறை, லேபிளில் ஒரு முறை, ஆல் மெயிலில் ஒரு முறை என்று ஒரே மெயில் இறங்கும். ஆல் மெயிலை மட்டும் இறக்கி, பிரிக்கும் வேலையை நாட்மச் டேக்குகளிடம் விடுங்கள். இனி வரும் மெயில்களில் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.