ஸ்டீராய்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தலாமா?

கேள்வி: ருமட்டாய்டு மூட்டுவாதத்துக்காக என் அம்மா எட்டு மாதமாகத் தினமும் 10 மி.கி. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். வலி நன்றாகவே குறைந்துவிட்டது. ஆனால் முகம் உப்பிவிட்டது. "எலும்பை அரித்துவிடும், உடனே நிறுத்து" என்கிறார்கள் உறவினர்கள். நிறுத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் தினமும் கார்டிசால் என்ற இயற்கை ஸ்டீராய்டு ஹார்மோனைச் சுரக்கின்றன. ஏறக்குறைய 5 மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமமான அளவு அது. அதைவிட அதிகமாக மாத்திரையில் கிடைத்துக்கொண்டே இருந்தால், சில வாரங்களிலேயே சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். எட்டு மாதம் உறங்கியது ஒரே நாளில் விழித்துக்கொள்ளாது. அந்த நேரத்தில் மாத்திரையும் நின்றால் கடும் சோர்வு, வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆகவே படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். 10 மி.கி.க்குக் கீழே மாதம் 1 மி.கி. வீதம் குறைப்பது பரவலான வழக்கம். உங்கள் அம்மாவுக்கான வேகத்தை மருத்துவரே முடிவு செய்யட்டும். குறைத்த சில நாட்களுக்கு உடம்பு வலியும் அசதியும் வரலாம். ஆனால் மூட்டு வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு நீடித்தால் நோய் திரும்புகிறது என்று பொருள்.

உறவினர்களின் பயத்திலும் உண்மை இருக்கிறது. எலும்புத் தேய்மானம் முதல் ஆறு மாதத்தில்தான் வேகம். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தாயிற்றா? உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 1000 முதல் 1200 மி.கி. கால்சியம், 600 முதல் 800 யூனிட் வைட்டமின் டி உள்ளே போகிறதா? இவற்றை உடனே கேளுங்கள். கண்புரை, கண் அழுத்தம் இரண்டையும் பரிசோதியுங்கள். சர்க்கரைக்கு வெறும் வயிற்றுப் பரிசோதனை மட்டும் போதாது. காலையில் சாப்பிடும் ஸ்டீராய்டு பிற்பகலில்தான் சர்க்கரையை ஏற்றும். மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது. அழற்சியை அடக்காமல் விட்டால் மூட்டு அரித்துப்போகும்; போனது திரும்பாது. இந்த நோயில் ஸ்டீராய்டு ஒரு பாலம்தான். நோயையே கட்டுப்படுத்தும் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்து வேலை காட்ட 6 முதல் 12 வாரம் ஆகும், அதுவரை தாங்கிப்பிடிக்க. எட்டு மாதமாகியும் 10 மி.கி.யிலேயே நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. "மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்தின் அளவு போதுமா, மாற்ற வேண்டுமா?" என்று அடுத்த சந்திப்பிலேயே கேளுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு நாள் மட்டுமே. தினமும் விழுங்கினால் உயிருக்கு ஆபத்து.

காய்ச்சல், அறுவை சிகிச்சை போன்ற நேரங்களில் ஸ்டீராய்டு மாத்திரை அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். எவ்வளவு என்று இப்போதே எழுதி வாங்கிவையுங்கள். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் தாமதிக்காமல் ஸ்டீராய்டு ஊசி போட்டாக வேண்டும்.

கேள்வி: ஆஸ்துமா இன்ஹேலரில் இருக்கும் ஸ்டீராய்டும் இப்படித்தானா?

பதில்: அதில் மருந்து மைக்ரோகிராம் கணக்கில், நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. வழக்கமான அளவில் பக்கவிளைவு பெரும்பாலும் வாயில் வெண்படலமும் குரல் கரகரப்பும்தான். இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழாய் வைத்து இழுத்து, பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், விழுங்காதீர்கள். மூச்சு சீராகிவிட்டதே என்று நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.